கொக்கி பேருந்தில் ஏற்றிய பிள்ளை

பேருந்து நிலையத்துப் பார்சல் கொட்டகையில் பதினைந்து சுமைதூக்கிகள். அவர்களில் ஒருத்திதான் பெண். மூட்டையை இழுத்துத் தோளுக்கு ஏற்றும் இரும்புக் கொக்கி எந்நேரமும் இடுப்பில் தொங்குவதால் அவளுக்குக் கொக்கி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு. மூக்கு இரண்டு முறை உடைந்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். முதல் தடவை உடைத்தவன் கணவன். அதே வாரத்தில் அவன் மணிக்கட்டு முறிந்தது, அடுத்த வாரம் ஊரைவிட்டே போனான். இரண்டாம் தடவை உடைத்தது மேலிருந்து விழுந்த சிமெண்ட் மூட்டை. தன்னை அடித்தவர்களில் அந்த மூட்டையை மட்டும்தான் திருப்பி அடிக்கவில்லை என்பாள்.

அடிப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. வரிசையில் முந்துகிறவன், எடையை மறைக்கிறவன், குடித்துவிட்டு மூட்டைமேல் படுக்கிறவன் எல்லோரிடமும் முதலில் கைதான் பேசும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று, அதே கொட்டகையில் வேலை பார்க்கும் தம்பியின் முகத்துக்கு நேராகவே சொல்வாள். தம்பி சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டைக்குப் போய்விடுவான்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்தியானம், நான்காவது நடைமேடையில் ஒருவன் இரண்டு சிறுமிகளோடு நின்றான். கொக்கி லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். எழுபது மூட்டை இறக்கி முடிக்கும்வரை அந்தப் பிள்ளைகள் அசையவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. பசி என்று சொல்லவில்லை. சின்னவளின் உடை நனைந்து கால் வழியே ஒழுகியது. அப்போதும் அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொக்கி போய் என்ன உறவு என்று கேட்டாள். அவன் அவள் மார்பில் கைவைத்துத் தள்ளினான். தள்ளுவண்டியின் கைப்பிடி கழன்று அவள் கைக்கு வந்ததும் அவனுடைய முன்பற்கள் கழன்று தரைக்குப் போனதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தன. போலீஸ் வந்தபோது தன்னைச் சீக்கிரம் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போகும்படி அவனே கெஞ்சினான்.

அன்று அவளுக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. பெற்றவர்களோடு போகிற பிள்ளை சும்மா வராது. பலூன் கேட்கும், கால் வலிக்கிறது என்று தரையில் உட்காரும், ஜன்னல் இருக்கைக்கு ஊரைக் கூட்டும். அந்நியனோடு போகிற பிள்ளைக்கு எதையும் கேட்கும் துணிச்சல் இருக்காது. அடம்பிடிக்கிற பிள்ளை வீட்டுப் பிள்ளை, அடங்கி வருகிற பிள்ளைதான் ஆபத்து. அன்றிலிருந்து அவள் கண் அடங்கிய பிள்ளைகளைத் தேடியது. ஒன்பது ஆண்டுகளில் பதினாறு பிள்ளைகளைப் பேருந்துப் படியிலிருந்து இறக்கியிருக்கிறாள். இறக்கும்போது கூட வந்தவர்களையும் இறக்கினாள். அவர்கள் பெரும்பாலும் தலைகீழாக இறங்கினார்கள்.

மீட்ட பிள்ளைகள் ஊர்க்கோடியில் உள்ள ஒரு காப்பகத்துக்குப் போவார்கள். அதை நடத்துகிற பெண்மணியைப் பிள்ளைகள் முதல் போலீஸ் வரை எல்லோரும் டீச்சர் என்பார்கள். அவர் கொக்கியைக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தார். பிள்ளையிடம் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். துருவிக் கேட்கக் கூடாது. அழாதே என்று சொல்லக் கூடாது. யாரையும் அடிக்காமல் முதலில் இந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். கொக்கி மற்றதையெல்லாம் அப்படியே கடைப்பிடித்தாள். கடைசியில் சொன்னதை மட்டும் வரிசை மாற்றிச் செய்தாள்.

பதிலுக்கு டீச்சர் அவளிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார். நடத்துநர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வகுப்பு எடுக்கும்போது கொக்கியின் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டார். கழிப்பறைக் காவலாளிவரை அது பரவியது. நிலையமே அடங்கிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காப்பகத்துக்கு வாராவாரம் புதன்கிழமை அரிசி மூட்டை கொண்டு போவதும் கொக்கிதான். போன ஆண்டு மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை, தோளில் மூட்டையோடு சாப்பாட்டுக் கூடத்தைக் கடந்து போனாள். பக்கவாட்டிலிருந்து ஓர் இரும்புக் கரண்டி அவள் புருவத்தில் இறங்கியது. மூட்டை சரிந்தது. கண்ணுக்குள் இரத்தம் போய் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது அடி கழுத்தில் விழுந்தது. அதற்குள் எதுவோ அவள் முன்கையில் பல்லை இறக்கித் தொங்கியது. கொக்கியின் மறு கை ஓங்கியது. மங்கலாகத் தெரிந்த உருவம் அவள் நெஞ்சுயரம்தான். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

அது பதினோரு வயதுச் சிறுமி. காப்பகத்துக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வந்த அன்றே ஜன்னல் கண்ணாடியை உடைத்து ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கியவள். சமையல்காரம்மா அவளுக்குச் சில்லு என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்திருந்தது. பழைய கண்ணாடிப் பாட்டில்களை அமிலம் விட்டுக் கழுவும் ஒரு கொட்டகையிலிருந்து அவளையும் இன்னும் ஆறு பிள்ளைகளையும் மீட்டிருந்தார்கள். ஒரு வருடம் பத்து மாதம் அங்கே இருந்தாள். பாட்டில் உடைந்தால் ரப்பர் குழாயால் அடி. விரல் நுனிகளில் தோல் இல்லை. முதுகைப் பார்த்த மருத்துவர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

சமையல்காரம்மா ஓடி வந்து சிறுமியை இழுத்தாள். பல் பிடியை விடவில்லை. டீச்சர் சமையல்காரம்மாவை விலகச் சொல்லிவிட்டுத் தரையில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, யாரும் உன்னைத் தொட மாட்டார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கொக்கி கையை அசைக்கவில்லை. சிறுமி தானாக வாயைத் திறந்தாள். உதடு முழுக்க இரத்தம்.

"நீதான தூக்கின. அவ எங்க அம்மா இல்லன்னு சொன்னேன்ல. நீ சிரிச்ச."

கொக்கிக்கு நினைவு வந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு காலை நேரம். ஒரு பிள்ளை ஆறாவது நடைமேடையில் தரையில் புரண்டு கத்தியது. கூட வந்த பெண் கையைப் பிடித்து இழுக்க முடியாமல் திண்டாடினாள். அவள் இடது காதுமடல் நடுவே கிழிந்து இரண்டாகத் தொங்கியது. ரொம்பச் செல்லம் கொடுத்துவிட்டோம், அதான் இப்படி ஆடுகிறாள் என்று கொக்கியைப் பார்த்து அலுத்துக்கொண்டாள். நீ எங்க அம்மா இல்ல, எங்க அம்மா இல்ல என்று பிள்ளை அலறியது. அந்த நிலையத்தில் தினமும் நாலு பிள்ளைகள் பெற்ற தாயைப் பார்த்தே அப்படிச் சொல்லும். பஞ்சுமிட்டாய் வாங்கித் தராத ஒவ்வொரு தாயும் அந்தப் பேச்சைக் கேட்டவள்தான். கொக்கி சிரித்தாள். பிள்ளையை அப்படியே தூக்கித் தோளில் போட்டாள். முதுகில் குத்தியது, காதைக் கடித்தது. அரிசி மூட்டைகூட இப்படி உதைக்காது என்று வேடிக்கை சொல்லிக்கொண்டே பேருந்தின் மூன்றாவது இருக்கையில் இறக்கிவிட்டாள். ஏறியவர்களும் சிரித்தார்கள். பேருந்து போய்விட்டது.

அந்த நேரத்தில் சில்லுவின் தாய் மருத்துவமனையில் படுத்திருந்தாள். மருத்துவமனை வாசலில் இருந்துதான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மகளைத் தேட எழுந்திருக்காமலேயே தாய் இறந்துபோனாள்.

புருவத்தில் ஏழு தையல். தையல் போட்டுக்கொண்டு வந்த கொக்கி நேராக அரசு வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போனாள். காது கிழிந்த பெண் பிடிபட்டு, ஜாமீனில் வெளியே இருந்தாள். அந்தப் பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று அவள் சாதித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தாங்களாகவே வேலை கேட்டு வந்ததாகப் பாட்டில் கொட்டகைக்காரன் சொன்னான். அந்தப் பெண்ணையும் சில்லுவையும் சேர்த்துப் பார்த்த பெரியவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. சாட்சி இல்லாவிட்டால் சில்லு ஒருத்தியே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளையின் பேச்சைக் கிழித்துப்போட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அரை மணி நேரம் போதும். அந்தப் பெண் விடுதலையாகி அடுத்த மருத்துவமனை வாசலுக்குப் போவாள்.

கொக்கி சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்ட வக்கீலம்மா பேனாவை மூடினார். பிள்ளையை ஏற்றிவிட்டதை ஒப்புக்கொண்டால் உங்கள்மேலேயே கேஸ் வரலாம், தெரியுமா என்றார். கொக்கி தெரியும் என்றாள். இன்னொன்றும் இருக்கிறது என்றார் அவர்.

"விசாரணைக்குப் பத்தொன்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் நீங்க யார் மேலயும் கை வைக்கக் கூடாது. ஒரு அடிதடி கேஸ் விழுந்தா போதும், ரவுடி சொல்றத நம்பாதீங்கன்னு அவங்க முடிச்சிடுவாங்க."

"அவங்க அடிச்சா?"

"வாங்கிக்கணும்."

கொக்கி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பத்தொன்பது நாள் சாப்பிடாமல் இரு என்றிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும் என்று பிற்பாடு தம்பியிடம் சொன்னாள்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். தெரியாமல் செய்ததை ஊரறியச் சொல்வானேன், பதினாறு பிள்ளையைக் காப்பாற்றினவள் என்ற பெயரைக் கெடுத்துக்கொள்வானேன், யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுபோல என்று இரண்டு நாள் புலம்பினான். கொக்கியின் முன்கையில் பல் பதிந்த இடம் சீழ் வைத்திருந்தது. அதற்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

சாட்சிப் பட்டியல் எதிர்த்தரப்புக்குப் போன மறுநாளே அவர்கள் அனுப்பிய மூன்று பேர் பார்சல் கொட்டகைக்கு வந்தார்கள். கொக்கி கை ஓங்கக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. முதல் நாள் அவள் மூட்டையோடு நடக்கும்போது காலை நீட்டினார்கள். விழுந்து முழங்கால் கிழிந்தது. எழுந்து மூட்டையைத் திரும்ப ஏற்றினாள். நாலாம் நாள் அவள் சாப்பாட்டில் துப்பினார்கள். அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஏழாம் நாள் ஒருவன் நிலையம் நிறையக் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து அவளைக் கன்னத்தில் அறைந்தான். பிள்ளை பிடிக்கிறவள், தூக்கிக் கொடுத்ததற்குப் பங்கு வாங்கினவள் என்று கூவினான். இன்னொருவன் எட்டி நின்று கைபேசியில் படம் எடுத்தான். அவர்களுக்கு வேண்டியது அவளுடைய ஒரே ஓர் அடி. அது படத்தில் விழுந்தால் போதும்.

கொட்டகை மேஸ்திரி கோபத்தில் சிவந்துபோனார். முப்பது ஆண்டாக அவள் கையைப் பார்த்தவர்.

"அந்தக் கொக்கிய நான் வாங்கி வச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வச்சுக்குங்க அண்ணே. தம்பியையும் சேர்த்து வச்சுக்குங்க."

தம்பியை வைத்துக்கொள்வதுதான் கடினமாக இருந்தது. பத்தாம் நாள் அவன் அந்த மூவரில் ஒருவனின் கழுத்தைப் பிடித்துவிட்டான். கொக்கி ஓடிப்போய்த் தம்பியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். அவள் பிடியில் அவன் கை அசையாமல் இருந்த அந்த நேரத்தில் மூவரில் இன்னொருவன் தம்பியின் வயிற்றில் மூன்று முறை உதைத்தான். தம்பி வாந்தி எடுத்தான். மறுநாள் காலையில், உனக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சட்டையைத் தேடினான்.

பதினைந்தாம் நாள் பட்டப்பகலில் பெரிய தாக்குதல் வந்தது. மற்றவர்கள் மூன்றாவது நடைமேடையில் லாரி இறக்கப் போயிருந்தார்கள். கொட்டகையில் கொக்கி தனியாகப் பார்சல்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மூவரும் உள்ளே வந்து தகரக் கதவைப் பாதி இழுத்துவிட்டார்கள். படம் எடுக்கிறவன் மூட்டைமேல் ஏறி நின்றான். ஒருவன் கையில் இரும்புக் குழாய். ஒரு கட்டையைத் தூக்கி அவள் காலடியில் போட்டு, எடு என்றான்.

சுவரோரமாக எடை மேடையின் கம்பி இருந்தது. கொக்கி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் அடி விலாவில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. குழாய் அதே இடத்தில் மறுபடியும் விழுந்தது. அவள் பிடியை விடவில்லை. தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கம்பியில் மோதினான் இன்னொருவன். கீழ்வரிசையில் இரண்டு பல் போயின. தாடை விலகியது. எடு, எடு என்று மூட்டைமேல் இருந்தவன் கத்தினான். கட்டை அவள் காலில் உரசிக்கொண்டு கிடந்தது. கையை விட்டால் மூவரில் இரண்டு பேராவது எழுந்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். விரல்களை மடக்கி இன்னும் இறுக்கிக்கொண்டாள். விரல்மேலேயே குழாயால் அடித்தான். மோதிர விரல் முறிந்தது. வலக் கை கம்பியைவிட்டு நழுவியது. இடக் கை விடவில்லை.

கதவை உதைத்துத் திறந்துகொண்டு மேஸ்திரியும் மற்றவர்களும் வந்தபோது அவள் மண்டியிட்டிருந்தாள், கம்பியை விடாமல். தொடாதீங்க, யாரும் அவனுங்கள தொடாதீங்க என்று இரத்தம் வழியச் சொன்னது பாதிதான் புரிந்தது. பதினான்கு சுமைதூக்கிகள் ஒருவரையும் அடிக்காமல் வட்டமாக நின்றார்கள். போலீஸ் வரும்வரை யாரும் வெளியே போகவில்லை. மூட்டைமேல் நின்றவன் எடுத்த படம் அவனுக்கே வினையானது. அதில் அடிக்கிறவர்கள் முகம் தெளிவாக இருந்தது. அவள் ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை என்பதும் தெளிவாக இருந்தது.

விசாரணை நாளன்று கொக்கியின் தாடையில் கம்பி கட்டியிருந்தது. பல்லைத் திறக்காமல் பேச வேண்டும். சில்லு அந்த அறையில் இல்லை. பக்கத்து அறையில் டீச்சரோடு உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கொக்கி கூண்டில் நின்று காது கிழிந்த பெண்ணை அடையாளம் காட்டினாள். ஆறாவது நடைமேடை, மூன்றாவது இருக்கை, செல்லம் கொடுத்துவிட்டோம் என்ற பேச்சு, எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பதினாறு பிள்ளைங்களைக் காப்பாத்தினவங்க நீங்க. அப்படிப்பட்ட கண்ணு இந்தப் பிள்ளைய மட்டும் எப்படித் தப்ப விட்டுச்சு?"

"தப்ப விடல. நான்தான் தூக்கிப் போட்டேன்."

"பிள்ளை அழுதுச்சுன்னு சொல்றீங்க. அப்போ ஏன் தடுக்கல?"

"அழற பிள்ளைக்கு ஆபத்து இல்லன்னு நினைச்சேன். அது அம்மா இல்லன்னு சொல்லுச்சு. நான் சிரிச்சேன்."

வக்கீல் அடுத்த கேள்வியை எடுக்கக் காகிதத்தைப் புரட்டினார். நீதிபதி அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னார், பதிவாக வேண்டும் என்பதற்காக. கம்பி கட்டிய வாயால் அவள் திரும்பச் சொன்னாள். "அது உண்மையச் சொல்லுச்சுங்க. நான் சிரிச்சேன்."

அதற்குப் பிறகு சில்லுவிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். காது கிழிந்த பெண்ணுக்குப் பத்தாண்டு, பாட்டில் கொட்டகைக்காரனுக்கு ஏழாண்டு. அவன் மேல்முறையீடு செய்திருக்கிறான். பார்சல் கொட்டகையில் கொக்கியை அடித்த மூவரின் வழக்கு தனியாக நடக்கிறது. கொக்கிமேல் கேஸ் போடவில்லை.

தீர்ப்பு வந்த வாரம் டீச்சர் பேருந்து நிலையத்துக்கு வந்தார். சில்லு இப்போது கண்ணாடித் துண்டு இல்லாமல் தூங்குகிறாள் என்றார். அவள் ஒன்று கேட்டிருக்கிறாள், அவள் கேட்பதைத்தான் நாங்கள் செய்வோம் என்றார்.

"உங்களப் பார்க்க வேணாம்னு சொல்றா. புதன்கிழமை நீங்க வராம இருக்கணுமாம்."

"சரி டீச்சர். தம்பி கொண்டு வருவான்."

அவ்வளவுதான் பேசினார்கள். அந்த வாரத்திலிருந்து தம்பிதான் அரிசி கொண்டு போகிறான். மேஸ்திரி அவளுடைய இரும்புக் கொக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மோதிர விரல் மடங்காததால் அவள் இப்போது இடக் கையால் இழுக்கிறாள்.

டீச்சர் பலகையில் இருந்த பழைய கணக்கை அழித்துவிட்டார். புதிதாக எதையும் எழுதவில்லை. அடங்கிய பிள்ளையா, அழும் பிள்ளையா என்று பார்ப்பதைக் கொக்கி விட்டுவிட்டாள். அழுகிற பிள்ளை ஒவ்வொன்றின் முன்னாலும்கூடப் போய் நிற்கிறாள். இவங்க யாரு, உனக்கு இவங்களோட போக இஷ்டமா என்று பிள்ளையிடம் கேட்கிறாள். பதில் வரும்வரை வழியை விட மாட்டாள். பெற்றவர்களுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. நீ யாருடி கேட்பதற்கு என்று ஆரம்பித்துக் கை நீள்கிறது. வாரத்துக்கு இரண்டு அறையாவது விழுகிறது. போன வாரம் ஒரு தகப்பன் கைக்குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு நிதானமாக வந்து அறைந்தான். கம்பி எடுத்த தாடை ஒரு மணி நேரம் விண்விண் என்று வலித்தது. தரையில் உட்கார்ந்திருந்த பெரிய பிள்ளை விக்கிக்கொண்டே அப்பா என்றது. அவள் வழி விட்டாள்.

கேஸ்தான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் கையைக் கட்டிக்கொண்டு வாங்குகிறாய் என்று மேஸ்திரி கேட்டார்.

"அப்பன் அண்ணே அவன். பிள்ளைய யாரோ கேள்வி கேட்டாங்கன்னு அடிக்கிறான். அவன எதுக்கு அடிக்கணும்?"

சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஆறாவது நடைமேடைக்குப் போனாள். அங்கே வந்து நின்ற பேருந்தின் படியில் ஒரு பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தது.